மூன்று தடவை வாசலுக்கு வந்த டிவி

கண்ணு,

நீ பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய கடை திறப்புப் பத்திரிகைக் கட்டு வந்து சேர்ந்தது. எப்படி இருக்கிறாய், பேத்தி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்து ஆரம்பிக்கிற மனசு இப்போது எனக்கு இல்லை. நாற்பது பத்திரிகை. மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் போட்டு, டிவி ரேடியோ டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கப்படும் என்று அச்சடித்து, சிங்காநல்லூரில் கடை எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்கு எதிரில் என்று எல்லாம் இருக்கிறது. உன் பெயரை அச்சில் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டேன். அப்புறம் அதற்கு மேலே பார்த்தேன். உன் பெயரைவிடத் தடித்த எழுத்தில், குத்துவிளக்கேற்றிக் கடையைத் திறந்து வைப்பவர் என்று போட்டு அந்த ஆளின் பெயர். நானும் உங்கப்பாவும் ஆயுசு முழுக்க எவர் காட்டில் குனிந்தோமோ, எவர் பெயரை வாயால் சொல்லாமல் பண்ணாடி பண்ணாடி என்றே கூப்பிட்டோமோ, அவர். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் நான். அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் வயிறு எரிந்தது.

கட்டோடு ஒரு சீட்டு வைத்திருந்தாய். 'அம்மா, பேரைப் பார்த்துக் கோவிச்சுக்காதே. அவரு வந்தா நாலு பெரிய மனுசங்க பின்னாடியே வருவாங்க, கடை பேரெடுக்கும். பீளமேட்டு ஊட்டுல கலர் டிவி ரிப்பேர் பாக்கப் போனப்ப என்னய சோபாவுல உக்கார வெச்சுக் காப்பி குடுத்தாரு. மனுசன் மாறிட்டாரு. பழசையே எத்தன நாளைக்கு நெஞ்சுக்குள்ள வெச்சுட்டிருப்பே?' இதுதான் நீ எழுதியது. எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் கண்ணை மூடுகிற நாள் வரைக்கும். மறக்கிற சாமான் எது, மறக்கக்கூடாத சாமான் எது என்று எனக்குத் தெரியும். பீளமேட்டில் அவர் வீட்டுக்கு அக்கம்பக்கம் இருப்பவர்கள் காலேஜ் வாத்தியார்கள், மில் ஆபீசர்கள். அங்கே நீ யார் மகன் என்று எவனுக்குத் தெரியும்? சோபாவில் உட்கார வைத்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும்? சத்தியமங்கலம் ரோட்டில் இந்த ஊருக்குள் அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறதே, அதில் உன்னை உட்கார வைத்தாரா? சரி, உட்கார வேண்டாம். அந்த வாசற்படியைத் தாண்டி ஒரு காலாவது உள்ளே வைத்திருக்கிறாயா?

உனக்கு மறந்துபோயிருக்கும். மறக்கவில்லை என்றாலும் மறந்த மாதிரி இருக்கிறாய். அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலிலிருந்து கடைசி வரை எழுதுகிறேன். அதில் உனக்குத் தெரியாத ஒரு சங்கதியும் இருக்கிறது. அதை இத்தனை வருஷமாக உன்னிடமே மறைத்தவள் நான். அதைச் சொல்லாமல் பண்ணாடியை மட்டும் திட்டினால் எனக்கே நியாயமாகப் படாது.

நீ ஐ.டி.ஐ.யில் டிவி மெக்கானிக் படிப்பு முடித்து வந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. உங்கப்பா அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். நம் சனம் குடியிருக்கிற வளவில் ரெண்டு ரேடியோ, டீக்கடையில் ஒரு டேப் ரிக்கார்டர் சரிசெய்திருந்தாய். அந்தப் பேச்சு பண்ணாடி காதுக்குப் போயிருந்தது. அன்றைக்கு மத்தியானம் அவர் மகளைக் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து விருந்துக்கு ஒறம்பரை வருகிறார்கள். மாப்பிள்ளைக்குக் கிரிக்கெட் பார்க்காமல் சோறு இறங்காதாம். காலையிலிருந்து டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. டவுனிலிருந்து ஆள் கூட்டிவர ஞாயிற்றுக்கிழமை யாரும் கிடைக்கவில்லை. நான் மாட்டுக் கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். பண்ணாடிச்சி வாசலுக்கு வந்து, "ஏனம்மணி, உம்பையன் என்னமோ படிச்சிருக்கறானாமா, வந்து பாக்கச் சொல்லு" என்றாள். நான் ஓடி வந்து உன்னைக் கூப்பிட்டேன். ஓடினேன் என்பதை நினைத்தால் இப்போதுகூட என் காலை நானே உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. எவ்வளவு பெருமை எனக்கு!

நீ தலை சீவி, தோய்த்து வைத்த சட்டை போட்டு, ஸ்க்ரூடிரைவர் பையோடு வந்தாய். வாசலில் நின்றாய். நீ உள்ளே போகக்கூடாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் என்ன செய்தார்கள்? பண்ணாடியும் அவர் மச்சானும் சேர்ந்து அந்த டிவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடுகிற கதவு வைத்தது, ஒரு மூட்டை நெல் கனம் இருக்கும். ஒருநாளும் ஒரு கூடை தூக்காத ரெண்டு பேர் மூச்சிரைக்க அதைத் தூக்கிவந்து கட்டுத்தறியில் தவிட்டுப் பெட்டி மேல் வைத்தார்கள். ஆன்டெனா ஒயர் எட்டவில்லை. நீ ஏணி போட்டு ஓட்டின் மேல் ஏறி, கம்பத்திலிருந்து ஒயரைத் தளர்த்திக் கட்டுத்தறிப் பக்கம் இறக்கினாய். அவர்கள் சோறு தின்கிற இடத்துக்கும் சாமி கும்பிடுகிற இடத்துக்கும் நேர் மேலே நடந்தாய், கண்ணு. ஓட்டுக்கு மேலே நடந்தால் ஒன்றுமில்லை. ஓட்டுக்குக் கீழே வந்தால்தான் வீடு கெட்டுப்போகும்.

மாட்டுக்கொட்டாய் பிளக்கில் சொருகினதும் படம் வந்தது. நீ கையே வைக்கவில்லை. பளிச்சென்று வந்தது. மச்சான் சிரித்தார். "அட, இவன் மூஞ்சியப் பாத்ததுமே பயந்துட்டு வந்துருச்சு பாருங்க மாமா!" என்றார். மறுபடி தூக்கிக்கொண்டு உள்ளே ஆசாரத்துக் கூடத்துக்குப் போனார்கள். நான் விளக்குமாற்றோடு நின்று காது கொடுத்துக் கேட்டேன். சத்தம் வந்தது. அப்புறம் பண்ணாடியின் குரல் வந்தது. "டேய், இங்க ஒண்ணையும் காணமேடா!"

ரெண்டாவது தடவை வெளியே வந்தது. இந்தத் தடவை நீ பின்மூடியைக் கழற்றினாய். உள்ளே பல்லி முட்டையும் ஒட்டடையும் இருந்தன, பிரஷால் தட்டிவிட்டாய். பிக்சர் டியூபின் கழுத்தில் செம்புக் கம்பி மாதிரி ஒரு வெளிச்சம் எரிகிறதா என்று குனிந்து பார்த்தாய். எரிந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனாய். ரோமம் எல்லாம் எழுந்து நின்றது. "பெரிய கரண்டு நல்லா வருதும்மா, டியூபுல கொறை இல்லை" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாய். எங்கேயாவது விட்டுவிட்டுத் தொடுகிறதோ என்று ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தாய். சந்தேகப்பட்ட நாலு இடத்தில் ஈயம் வைத்தாய். படம் ஆடவில்லை, அசையவில்லை. எனக்கு அந்தப் படிப்பில்லை, ஆனால் கை வேலை தெரிந்தவன் எப்படி இருப்பான் என்று தெரியும். நீ அவசரப்படவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் இல்லை. திரும்பவும் தூக்கினார்கள். மச்சானுக்கு முழங்காலில் நிலைப்படி இடித்து, "அய்யோ அப்பா" என்று கத்தினார். உள்ளே வைத்தார்கள். சத்தம் வந்தது, படம் வரவில்லை.

மூன்றாவது தடவை வெளியே கொண்டுவந்தபோது பண்ணாடியின் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. கட்டுத்தறியில் சொருகினால் படம் கண்ணாடி மாதிரி நிற்கிறது. அப்போதுதான் நீ சொன்னாய். சத்தம் போடாமல், மரியாதையாக. "பொட்டியில கொறை இல்லைங்க. ஊட்டுக்குள்ள என்னமோ இருக்குதுங்க. வெச்ச எடத்துல வெச்சுப் பாத்தாத்தானுங்க தெரியும்." நீயே திரும்பக் கேட்டாய். "உள்ள ஸ்டெபிலைசர் இருக்குதுங்களே, அது எப்பிடிங்க இருக்குது?" மச்சான், "பச்ச லைட்டு எரியுது, அதுல ஒரு சீக்குமில்ல. நீ பொட்டியப் பாரு" என்றார். "அதையும் ஒருக்கா வெளிய கொண்டாந்தீங்கன்னா..." என்று நீ முடிப்பதற்குள் பண்ணாடி ஆரம்பித்தார். "ஏண்டா, நாங்க ஊட்டையே பேத்து உன்ற முன்னால கொண்டாந்து வெக்கோணுமா? இல்ல, ரிப்பேருக்கு வந்தவனுக்கு ஆசாரத்துல நாற்காலி போடோணுமாக்கும்?"

அப்போது உள்ளேயிருந்து பண்ணாடிச்சி சொன்னதை நீ கேட்டாயோ இல்லையோ, நான் கேட்டேன். "ஒறம்பரை வர்ற நேரமாச்சு, அவன் உள்ள வந்துட்டுத்தான் போகட்டுமே. பொறகு நாங் கழுவி உட்டுக்கறேன்." உதவி செய்கிற மாதிரிதான் சொன்னாள். நல்ல மனசு என்று ஊரில் பேரெடுத்தவள். பண்ணாடியின் ஏச்சைவிட அந்த நல்ல மனசுதான் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. எத்தனை மழை பெய்தும் அந்த முள் மக்கவில்லை.

பண்ணாடி அதற்கும் சம்மதிக்கவில்லை. பெட்டி மறுபடி உள்ளே போனது, படம் இல்லை. வெளியே ஹாரன் சத்தம், ஒறம்பரை வந்திறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை முன்னால் அவருக்கு மானம் போய்விட்டது. அந்த மானத்தை யார் தலையில் இறக்குவது? "மொதல்ல இருந்த படமும் போச்சு. உள்ள இருந்து என்னத்தயோ கழட்டிட்டான்" என்றார். மச்சான், "பையைக் கொட்டச் சொல்லுங்க மாமா" என்றார். நீ கொட்டினாய். ரெண்டு ஸ்க்ரூடிரைவர், ஒரு குறடு, ஈயச் சுருள், ஒரு துணி, பிரஷ். சாணித் தரையில் கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ அப்போதும் தலையை நிமிர்த்தித்தான் நின்றாய். "நான் ஒண்ணுமே கழட்டலைங்க" என்று நேராகப் பார்த்துச் சொன்னாய்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் அதை நீ என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, "சின்னப் பையனுங்க பண்ணாடி, தெரியாம செஞ்சுபோட்டானுங்க, மன்னிச்சு உட்ருங்க" என்றேன். என் கையால் உன் பிடரியைப் பிடித்து அமுக்கினேன். "கும்புடுடா" என்றேன். நீ கும்பிட்டாய். நீ செய்யாத குற்றத்துக்கு நான் சாட்சி சொல்லிவிட்டேன். பெற்றவளே சொல்கிறாள் என்றால் ஊர் நம்பாதா? நம்பியது. அதற்கப்புறம் டீக்கடைக்காரர்கூட உன்னிடம் டேப் ரிக்கார்டரைக் கொடுக்கவில்லை. ஆறாம் மாசம் நீ சிங்காநல்லூருக்குப் போய் இன்னொருவர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தாய். பிழைக்கப் போகிறான் என்று வளவில் சொன்னேன். துரத்தினோம் என்பதுதான் நிஜம். பண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

இனி, உனக்குத் தெரியாத சங்கதி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாலைந்து நாளும் ஆசாரத்து ஜன்னலுக்குள்ளிருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. விட்டுவிட்டு அடிக்கும், டிவி போட்டால் அதிகமாகும். மாடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னப் பெட்டியிலிருந்துதான் வந்தது. அதன் பெயர் ஸ்டெபிலைசர் என்று நீ வாயைத் திறந்து கேட்டபோதுதான் தெரிந்தது. கேட்டதுமே எனக்குப் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. சொல்லியிருக்கலாம். 'கண்ணு, அது நாலு நாளா டக் டக்குனு அடிக்குது' என்று ஒரே ஒரு வார்த்தை. ஏன் சொல்லவில்லை? நாங்கள் படம் பார்ப்பதானால் வாசலில் உரலுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும், ஜன்னல் கம்பி கிட்டே போகக்கூடாது. அங்கிருந்து பார்த்தால் என் கண்ணுக்கு வெள்ளை அசைவதுதான் தெரியும். அதனால் பண்ணாடிச்சி அடுப்படியில் இருக்கிற நேரமாகப் பார்த்து ஜன்னலோடு ஒட்டி நின்று பார்ப்பேன். சத்தத்தைச் சொன்னால், உள்ளே அடிக்கிற சத்தம் உனக்கு எப்படிக் கேட்டது என்று கேட்பார்கள். என் நாலு நாள் திருட்டுப் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ள, உன்னைத் திருடன் என்று சொல்லவிட்டு நின்றேன். இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. படித்துவிட்டு என்னைத் திட்டு. திட்டத்தான் வேண்டும்.

மறுநாள் டவுனிலிருந்து மெக்கானிக் வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு நேராக ஆசாரத்துக்குள் போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். பையைக்கூடத் திறக்கவில்லை. டிவி பிளக்கை அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து பிடுங்கி நேராகச் சுவரில் சொருகினார். படம் வந்தது. இப்போது எல்லாம் போயிற்றென்று துணிந்து நான் ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தேன். "பொட்டியில ஒண்ணுமே இல்லீங்க. ஸ்டெபிலைசருதான் கொறைச்சலாக் கரண்டு உடுது. சத்தத்துக்கு அது பத்தும், படத்துக்குப் பத்தாதுங்க" என்றார். பண்ணாடி சிரித்தார். "அட கருமமே, இதுக்கா மூணு தடவ சுமந்தோம்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அவருக்கு வலித்தது தோள்பட்டை மட்டும்தான். நான் பண்ணாடிச்சியிடம் போய், "அப்ப எம்பையன் ஒண்ணும் கெடுக்கலைங்களே?" என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கம்மணி, போயி வேலையப் பாரு" என்றாள். ஊரில் அவன் திருடினான் என்று சொன்ன வாய்கள், அவன் திருடவில்லை என்று சொல்லத் திறக்கவே இல்லை. டக் டக் சங்கதியை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கோயில் நோம்பிக்கு நீ வந்தபோது சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்மா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய்.

கடை வைக்கிறாய். புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பழுது எங்கே இருக்கிறதோ அங்கே உன்னை விடாத வீட்டுக்கு வேலைக்குப் போகாதே. எவ்வளவு பெரிய மனுஷன் வீடானாலும் வாசலிலேயே திரும்பி வந்துவிடு. உன் கடையில் வேலை செய்பவன் மேல் ஒருத்தன் பழி சொன்னால், அவன் பையைக் கொட்டச் சொல்லாதே. பழி சொன்னவனை முதலில் உட்கார வைத்து, என்ன காணோம் என்று கேள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லு, அதில் கேவலம் இல்லை. தெரிந்து செய்த வேலைக்கு ஒருத்தன் முன்னாலும் மன்னிப்புக் கேட்காதே, உன் அம்மா பிடரியைப் பிடித்தாலும். அப்புறம், வீட்டில் ஒரு மூலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிற பொம்பளையிடமும் ஒரு வார்த்தை கேள். டிவி கெட்டுப்போகிறதற்கு முந்தி என்ன சத்தம் போட்டது என்று அவளுக்குத்தான் தெரிந்திருக்கும். அவள் பயப்படாத மாதிரி கேட்க வேண்டும்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பத்திரிகை வந்ததிலிருந்து ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனுசன் மாறிவிட்டார் என்கிறாயே, மாறியிருந்தால்? என் கோபம்தான் பொல்லாததோ, பேரன் பேத்தி எடுத்த பின்னும் நான்தான் விஷத்தைக் கட்டிக்கொண்டு திரிகிறேனோ என்று யோசித்தேன். சரி, நீ அன்றைக்குச் சொன்ன மாதிரியே, வைத்த இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். கோயில் காரியமாகப் பண்ணாடி ஊருக்கு வந்திருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே உன் பத்திரிகை. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்குள் போய்க் கையில் கொடுத்தால்தானே அது அழைப்பு? அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்படித்தானே ஊரெல்லாம் போய்க் கொடுக்கிறார்கள்?

ஆசாரத்தில் கட்டிலில் உட்கார்ந்து கலர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று, "ஏனுங்க, பையன் கடை தொறக்கறானுங்க, பத்திரிகை குடுக்கோணுங்க" என்றேன். திரும்பிப் பார்த்தார். முகம் நல்லபடியாகத்தான் இருந்தது. "பீளமேட்டுலயே வந்து சொல்லிட்டானே. கெட்டிக்காரப் பையன். செரி, அந்தக் கல்லு மேல வெச்சுட்டுப் போ" என்றார். துணி துவைக்கிற கல்.

"கல்லு மேல வெச்சா கல்லுக்குக் குடுத்ததா ஆயிருமுங்க. உள்ள வந்து உங்க கையில குடுத்துட்டுப் போறேனுங்க" என்றேன்.

கேட்காத மாதிரி டிவியைப் பார்த்தார். நான் நகரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தட்டு கனத்தது. பண்ணாடிச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "கெழவிக்கு வந்த ரவுசப் பாருங்க" என்றாள். அவர் எழுந்து நிலைப்படி வரைக்கும் வந்தார். அதற்கு இந்தப் பக்கம் வரவில்லை. "எதுக்கு வந்து வம்பு பண்ற? உம்பையன் கடைக்கு நான் வர்றதே பெருசு. அது தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க. அவ்வளவு பெருசு எங்களுக்கு வேண்டாமுங்க. நீங்க வர வேண்டாமுங்க."

"என்னன்னே?"

"வர வேண்டாமுங்க. பத்திரிகையில போட்ட பேர நானே அடிச்சுக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு திரும்பி நடந்தேன். நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தப் பழத்தை உரித்து நானே தின்றேன்.

கண்ணு, இதில் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு உன்னைக் கேட்காமல் உன் பேரில் மன்னிப்புக் கேட்டேன். நேற்று உன்னைக் கேட்காமல் உன் பேரில் வேண்டாம் என்று சொன்னேன். ரெண்டும் ஒன்றுதான் என்று நீ சொன்னால் என்னால் மறுக்க முடியாது. கடை உன்னுடையது, உன் பெண்டாட்டி, என் பேத்தி எல்லோருடைய சோறும் அதில் இருக்கிறது. நீ நினைத்தால் பீளமேட்டுக்குப் போய், அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு வரலாம். வருவார். நீ சோபாவில் உட்கார்ந்தபடியே கூப்பிடலாம். அப்படிச் செய்தால் நான் அந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டேன், செத்தால் தகவல் மட்டும் வரும். இது மிரட்டல் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அப்படிச் செய்யவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. உன்னிடம் மிச்சமிருக்கும் பத்திரிகையில் அந்த வரியை அடித்துவிடு. என்னிடமிருந்த நாற்பதிலும் பேனாவால் அழுத்தி அடித்துவிட்டேன். நேற்று சாயங்காலமும் இன்று காலையிலுமாக அத்தனையும் வளவில் வீடு வீடாக உள்ளே போய்க் கையில் கொடுத்தாகிவிட்டது. இதென்ன அடித்திருக்கிறது என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து அந்த ஞாயிற்றுக்கிழமையை முழுசாகச் சொன்னேன், டக் டக் உட்பட. என் பையன் திருடவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான் என்று நாற்பது வீட்டில் சொன்னேன். மத்தியானமே டெம்போ பேசிவிட்டார்கள். முப்பது பேருக்குக் குறையாது. அதில் பாதிப் பேர் வீட்டில் இப்போது செகண்ட் ஹாண்டாவது ஒரு டிவி இருக்கிறது, எல்லாம் எப்போதாவது கெட்டுப்போகும். பண்ணாடி கூட்டிவருவதாக இருந்த நாலு பெரிய மனிதர்கள் அளவுக்கு இவர்கள் இல்லை என்று உனக்குத் தோன்றினால், அதை உன் வாயால் என்னிடம் சொல்லிவிடு, டெம்போவை நிறுத்திவிடுகிறேன்.

விளக்கை உன் பெண்டாட்டி ஏற்றட்டும். பத்திரிகையில் அவள் பெயரை நான் எங்கும் காணவில்லை. அதற்கு உன் மேல் தனியாக ஒரு கோபம் வைத்திருக்கிறேன். அவளும் நானும் பேசிக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் நாங்கள் அங்கே இருப்போம். கடை சின்னது என்கிறாய். சின்னதாகவே இருக்கட்டும், இடித்துக்கொண்டு நிற்போம். ஆனால் ஒருத்தரையும் வெளியே நிற்க வைக்காதே.

இன்னும் கோபம் தீராத
உன் அம்மா